தாம்பத்திய உறவின் போது வரும் தலையிடி: வெட்கப்பட்டு மறைக்கலாமா?

இந்தப் பக்கத்தில் இதுவரை வயிற்றோட்டம், இரத்தச்சோகை, பூச்சி மருந்து, அட்டைக்கடி என்று பலதைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். இம்முறை எழுதப் போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். பிள்ளைகளைக் கூப்பிட்டு சத்தமாக வாசிக்கச் சொல்லும் பக்கமல்ல. ஆனால் வீட்டிலுள்ள பெரியவர்கள், முக்கியமாக கணவனும் மனைவியும், தவறாமல் வாசிக்கும்படி கேட்டுக் கொள்கிறோம்.

காரணம் ஒரு கடிதம். அது திருகோணமலை, ஓர்ஸ் ஹில்லில் இருந்து வந்தது. எழுதியவர் மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். தோட்டச் சம்பளம் கட்டுபடியாகாமல் மேசன் வேலைக்குப் போய் அங்கே ஒரு அறையில் தங்கியிருக்கிறார். வயது நாற்பதை நெருங்குகிறது. மனைவியும் பிள்ளைகளும் லயத்தில். பள்ளிக்கூட லீவுக்கு, பிள்ளைகளை ஆச்சியிடம் விட்டுவிட்டு, மனைவி நாலு நாள் அங்கே போயிருக்கிறார். முதல் நாள் இரவு, இருவரும் சேர்ந்திருந்த நேரத்தில், 'பின்மண்டையில யாரோ கோடாலியால போட்ட மாதிரி' ஒரு இடி. மனைவி பயந்துபோய் ஓட்டோ பிடிக்க வெளியே ஓடப் பார்த்திருக்கிறார். இவர் கையைப் பிடித்து நிறுத்தி விட்டார். 'எங்க போயி என்னன்னு சொல்றது?' என்று கேட்டாராம்.

மறுநாள் ஒரு டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறார். 'என்ன செய்துகொண்டு இருக்கும்போது வந்தது?' என்று அங்கே கேட்டார்கள். 'சீமெந்து மூட்டை தூக்கினேன்' என்று சொல்லி விட்டார். மூட்டை தூக்கியவருக்கு என்ன மருந்தோ அது கிடைத்தது. பிறகு மூன்று வாரத்துக்குள் இன்னும் இரண்டு தடவை அதே இடி, அதே நேரத்தில். அதற்குப் பிறகு அவர் லீவு கிடைத்தும் வீட்டுக்கு வருவதில்லை. வந்தாலும் பிள்ளைகளோடு படுத்துக் கொள்கிறார். அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று மனைவி நினைக்கத் தொடங்கி விட்டார். 'எனக்கு மூள நரம்பு வெடிச்சிருமா? இனிமே பொஞ்சாதிகிட்ட போகவே கூடாதா?' இதுதான் அவர் எங்களிடம் கேட்டது.

அவருக்கு உடனேயே பதில் போட்டு விட்டோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மூட்டைக் கதையை விட்டுவிட்டு உண்மையைச் சொல்லுங்கள் என்று எழுதினோம். அவர் சம்மதத்தோடு, ஆள் யாரென்று தெரியாதபடி, மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறோம்.

இப்படியும் ஒரு வருத்தம் இருக்கிறதா என்று சிலர் சிரிக்கக் கூடும். இருக்கிறது. சர்வதேச தலையிடிச் சங்கம் 2018ல் வெளியிட்ட தலையிடி வகைகளின் பட்டியலில் இதற்கு ஒரு தனி இடம் உண்டு. டென்மார்க்கில் பொதுமக்களிடம் விசாரித்து 1992ல் வெளிவந்த ஒரு ஆய்வில், நூற்றுக்கு ஒருவர் அளவில் தமக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வந்ததாகச் சொன்னார்கள். அந்தக் கணக்கு நமக்கும் பொருந்துமானால், ஆயிரம் பெரியவர்கள் இருக்கும் ஒரு தோட்டத்தில் பத்துப் பேருக்காவது வந்திருக்க வேண்டும். எங்கள் சேவைக் காலத்தில் ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. காய்ச்சலுக்கும் கைவலிக்கும் வருகிறார்கள். இதற்கு மட்டும் வரமாட்டார்கள்.

ஆண்களுக்கே இது அதிகம். பெண்களுக்கும் வரும். இருபது வயதுக்குச் சற்று மேலேயும், பிறகு முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையிலும் கூடுதலாகத் தொடங்குகிறது. ஒற்றைத் தலையிடி எனப்படும் மைக்ரேன் உள்ளவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம்.

இது வரும் விதம் இரண்டு. ஒன்று, உணர்ச்சி கூடக் கூட, பிடரியிலும் தலையின் இரண்டு பக்கத்திலும் மெல்ல மெல்ல இறுகிக் கொண்டு வரும் வலி. கழுத்தும் தாடையும் விறைத்திருக்கும். கொழுந்துக் கூடையின் கயிறைத் தலையில் மாட்டிக் கொண்டு மலை ஏறியவர்களுக்கு அந்த இறுக்கத்தை விளக்கத் தேவையில்லை. மற்றது, உச்சக்கட்டத்தில் திடீரென்று வெடி வெடித்த மாதிரி வந்து விழும் வலி. ஓர்ஸ் ஹில் நண்பருக்கு வந்தது இதுதான். முன்பு இவற்றை இரண்டு வருத்தமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். இப்போது ஒரே வருத்தத்தின் இரண்டு முகம் என்று எடுத்துக் கொள்கிறார்கள். வலி கடுமையாக இருந்தால் ஒரு நிமிஷத்திலிருந்து 24 மணித்தியாலம் வரையும், இலேசான வலியாக 72 மணித்தியாலம் வரையும் இருக்கலாம்.

1976ல் அவுஸ்திரேலிய நரம்பியல் நிபுணர் ஜேம்ஸ் லான்ஸ் என்பவர் இந்தத் தலையிடி வந்த 21 பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் 2 பேருக்கு மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்ததற்கான அடையாளங்கள் இருந்தன. மற்றவர்களிடம் மறைந்திருந்த நோய் எதுவும் அகப்படவில்லை. 18 பேரை 2 முதல் 7 வருடங்கள் வரை தொடர்ந்து கவனித்தும் இருக்கிறார்கள். ஆகவே இந்தத் தலையிடி வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உயிருக்கு ஆபத்து இல்லை. பயந்து போயிருப்பவர்களுக்கு இதை முதலில் சொல்லி விடுகிறோம்.

ஆனால் இதே மாதிரி, இதே நேரத்தில், வேறொன்றும் வரலாம். வெளியில் பார்க்க இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் இதில் உள்ள பொல்லாத்தனம்.

பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு இடம் மட்டும் மெலிந்து கொப்பளம் மாதிரி வீங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலருடைய மூளைக்குப் போகும் இரத்தக் குழாயிலும் அப்படி ஒரு வீக்கம் இருக்கும். அது இருப்பது அவர்களுக்கே தெரியாது, வலியும் இராது. கணவன் மனைவி சேர்க்கையின் போது பிரஷரும் நெஞ்சுத் துடிப்பும் கொஞ்ச நேரத்துக்கு நன்றாக ஏறும். மலச்சிக்கலில் முக்கும் போதும், பாரம் தூக்கும் போதும் அப்படியே. அந்த நேரத்தில் வீங்கிய இடம் விட்டுக் கொடுத்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்து விடும். அதன் முதல் அடையாளம் 'இதுவரை இப்படி ஒரு வலி வந்ததேயில்லை' என்று சொல்ல வைக்கும் தலையிடி. ஒரு நிமிஷத்துக்குள் அது உச்சத்துக்கு ஏறி விடும். சிலருக்கு வாந்தி வரும், பிடரி விறைக்கும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. சிலர் மயங்கி விழுவார்கள், வலிப்பு வரும், பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சுக் குழறும், ஒரு பக்கத்துக் கை கால் சோரும். வேறு சிலருக்கு இவை ஒன்றுமே இராது, தலையிடி மட்டும்தான். ஒருமுறை கசிந்தது தானாக நின்றாலும் மறுபடி கசியலாம். அந்த ஆபத்து முதல் 24 மணித்தியாலத்தில்தான் மிக அதிகம். இரண்டாவது கசிவில் பலர் தப்புவதில்லை.

இன்னொரு நிலையும் உண்டு. மூளையின் இரத்தக் குழாய்கள் சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ சுருங்கிச் சுருங்கி விரியும். அதில் இந்த வெடி மாதிரியான தலையிடி ஒன்றிரண்டு வாரத்துக்குள் பல தடவை திரும்பத் திரும்ப வரும். பிள்ளை பெற்ற தாய்மாருக்கும், மூக்கடைப்புக்குக் குடிக்கும் சில மருந்துகளாலும் இது வருவதுண்டு. 'மூணு தரம் வந்திச்சு, ஒண்ணும் ஆகலயே' என்று யாரும் தைரியமாக இருந்துவிட முடியாது என்பதற்காக இதையும் எழுதுகிறோம்.

எனவே விஷயம் இதுதான். இந்தத் தலையிடி வாழ்க்கையில் முதல் தடவையாகத் திடீரென்று வந்தால், வலி பத்து நிமிஷத்தில் குறைந்து விட்டாலும் கூட, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விடியட்டும், பெரட்டு முடியட்டும், பேர் போட்டுவிட்டுப் போகலாம் என்று பார்க்கக் கூடாது. இரத்தக் கசிவைக் கண்டுபிடிக்க எடுக்கும் சீ.டீ. ஸ்கேன் படம் வலி தொடங்கி 6 மணித்தியாலத்துக்குள் எடுத்தால் மிகத் தெளிவாகக் காட்டிக் கொடுக்கும். நாட்கள் போகப் போகக் கசிந்த இரத்தம் கரைந்து, படத்தில் அகப்படாமல் போகலாம்.

ஓர்ஸ் ஹில்லில் இருப்பவருக்கு ஓட்டோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை. மேற்பிரிவு லயத்தில் இருப்பவருக்கு அப்படியில்லை என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. பாதை கிடக்கும் கிடையில் தோட்ட லொறி கூட இரவில் இறங்கப் பயப்படும். அதனால்தான் 1990 என்ற இலக்கத்தை எல்லோரும் மனப்பாடம் செய்து கொள்ள வேண்டும். 2016ல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் அது. காசு எடுப்பதில்லை. வண்டி லயம் வரை வர முடியாத இடமானால் எந்தச் சந்தியில், எந்த மடுவத்துக்குக் கிட்ட நிற்பீர்கள் என்று போனிலேயே சொல்லி, அதுவரை ஆளைப் பத்திரமாகக் கொண்டு போய் விடுங்கள். அம்புலன்ஸ் சுணங்கும் என்று தெரிந்தால் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் நம்மவர்கள் செய்யும் சில காரியங்கள் உபத்திரவமாக முடியும். தலையிடி என்றதும் டிஸ்பிரின் கரைத்துக் கொடுப்பது முதலாவது. டிஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும், கசிவு இருந்தால் அது கூடும். அக்ஸ் ஓயில், சித்தாலேப பூசுவதால் கெடுதல் இல்லை, ஆனால் பூசிவிட்டுப் படுத்து விடக் கூடாது. கழுத்தை இழுத்து நெட்டி முறிப்பது, சலூனில் போய் தலையைத் திருப்பிச் சொடக்கு எடுப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். கழுத்து வழியே மூளைக்குப் போகும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்தும் இப்படித் தலையிடி வருவதுண்டு. அந்த நேரத்தில் கழுத்தைத் திருகினால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆள் தூங்கி வழிந்தால் தேத்தண்ணீர் கூடப் பருக்க வேண்டாம். மயங்கினால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

வைத்தியசாலையில் பிரஷர் பார்ப்பார்கள், கை கால் பலம், கண் எல்லாம் சோதிப்பார்கள், ஸ்கேன் எடுக்க வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் முதுகெலும்பின் கீழ்ப் பக்கத்தில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்து, அதில் இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். 'முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காம போயிரும்' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்த குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். அந்த ஊசி போடும் இடத்தில் முதுகுத் தண்டு இல்லை, அது அதற்கு மேலேயே முடிந்து விடுகிறது. ஊசிக்குப் பிறகு சில நாள் தலை வலிக்கலாம். அதைத் தாங்கிக் கொள்ளலாம்.

சோதனையில் எல்லாம் சுத்தம் என்று வந்துவிட்டால், பாதிப் பாரம் இறங்கிய மாதிரித்தான். ஜெர்மனியில் இந்த வருத்தம் வந்தவர்களைத் தொடர்ந்து விசாரித்த ஒரு ஆய்வு 2007ல் வெளிவந்தது. ஒரு தடவையோ, சில வாரம் விட்டு விட்டோ வந்து நின்ற 45 பேரில் 37 பேருக்கு அது மறுபடி வரவேயில்லை. ஆகவே பெரும்பாலும் இது வந்து போகும் ஒன்று. வந்து கொண்டிருக்கும் அந்தச் சில வாரங்களுக்குச் சேர்க்கையைத் தள்ளிப் போடச் சொல்வார்கள். பிறகும் அவசரமில்லாமல், வலி தொடங்குகிறது என்று தெரிந்தவுடன் நிறுத்திக் கொண்டால் பலருக்கு அது முற்றுவதில்லை.

விடாமல் வருபவர்களுக்கு மாத்திரை உண்டு. இண்டோமெதசின் என்ற மாத்திரையை அரை மணித்தியாலம் அல்லது ஒரு மணித்தியாலம் முன்னால் போடச் சொல்வதுண்டு. இல்லாவிட்டால் புரோப்ரனோலோல் என்ற பிரஷர் மாத்திரையைக் கொஞ்ச காலம் தினமும் எடுக்கச் சொல்வார்கள். பெயரை எழுதி விட்டோம் என்பதற்காகக் கடையில் கேட்டு வாங்கி விடாதீர்கள். முதலாவது மாத்திரை கெஸ்ட்ரைட்டிஸ், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. இரண்டாவது இழுப்பு வருத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து. தோட்டத்தில் இந்த இரண்டு கூட்டமும் எவ்வளவு பெரிசு என்று சொல்லத் தேவையில்லை. பனடோலை நாள் தவறாமல் விழுங்கிக் கொண்டிருந்தால் அந்தப் பனடோலே தலையிடியைக் கொண்டு வரும் என்பதையும் இந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லி வைக்கிறோம்.

டவுனில் இருந்து இரகசியமாக வாங்கி வரும் 'அந்த' மாத்திரை பற்றியும் எழுதத்தான் வேண்டும். 1998ல் வயாகரா என்ற பெயரில் வந்து, இப்போது பல பெயர்களில் விற்கிறார்கள். அதைப் போட்டவர்களுக்குத் தலையிடி வருவது சாதாரணம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எடுப்பவர் அதைப் போட்டால் பிரஷர் ஒரேயடியாக விழுந்து உயிர் போகலாம். டொக்டர் கேட்டால் அதையும் மறைக்க வேண்டாம். பிரஷரே பார்த்திராதவர்கள் பார்த்துக் கொள்ளுங்கள். பிரஷர் கூடுதலாக இருந்தால் மேலே சொன்ன கசிவுக்கும் வழி கூடும். சிகரெட்டும் அப்படியே.

இனி வீட்டுக்குள் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம். இது தாது நஷ்டத்தால் வருவதல்ல, நரம்புத் தளர்ச்சியுமல்ல. போஸ்டரில் விளம்பரம் போடும் லேகியத்துக்குக் காசைக் கொட்டுவதில் பிரயோசனம் இல்லை. ஒருவர் வேறெங்கோ போய் வந்ததற்குக் கிடைத்த தண்டனையும் அல்ல. பெண்களுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 'தலையிடிக்குது' என்று மனைவி சொன்னால் அது சாக்கு என்றுதான் பல ஆண்கள் எடுத்துக் கொள்கிறார்கள். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்து, வீட்டுக்கு வந்து அடுப்படி வேலையும் முடித்தவருக்குச் சாதாரணத் தலையிடி வருவதற்கே ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் உறவின் போதே திடீரென்று வந்தது என்று அவர் சொன்னால், கோபிக்காமல் கேட்டு, ஆணுக்கு என்ன செய்வீர்களோ அதையே அவருக்கும் செய்யுங்கள். கர்ப்ப காலத்திலோ பிள்ளை பெற்று ஆறு வாரத்துக்குள்ளோ கடும் தலையிடி வந்தால், எந்த நேரத்தில் வந்தாலும், எப்படி வந்தாலும், அது வைத்தியசாலைக்குப் போக வேண்டிய தலையிடி. மித்துரி மாதிரிக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுப்பவர்கள், தலையிடிக்கு முன் கண்ணில் மின்னல் மாதிரித் தெரிவதாக இருந்தால், கட்டாயம் மருத்துவிச்சியிடம் சொல்ல வேண்டும். வேறு முறைக்கு மாற்றித் தருவார்கள்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் மாமனார், மாமியார், வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் படுத்திருக்க, மூச்சை அடக்கி, கழுத்தை விறைத்து, சத்தம் வராமல், அவசர அவசரமாகத்தான் நம்முடைய ஆட்கள் குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது. பிடரி இறுகி வரும் வகைத் தலையிடிக்கு இதுவும் துணை போகும் என்பது எங்கள் அபிப்பிராயம். டொக்டர்மார் புத்தகத்தில் லயன் காம்பிராவைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள். 'அவசரப்படாதீர்கள், உடம்பைத் தளர்த்திக் கொள்ளுங்கள்' என்று அவர்கள் சொல்வது தனி வீடு உள்ளவர்களுக்குச் சுலபம்.

கடைசியாக, டொக்டரிடம் எப்படிச் சொல்வது என்பது. அவர்களுக்கு இது புதிதல்ல, கேட்டுச் சிரிக்கவும் மாட்டார்கள். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரத்தில் உச்சத்துக்குப் போனது, முன்பு வந்திருக்கிறதா, வாந்தியா மயக்கமா, என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள், எழுந்து நின்றால் கூடிப் படுத்தால் குறைகிறதா என்ற விபரங்கள்தான் அவர்களுக்குத் தேவை. வாயால் சொல்லக் கூச்சமானால் ஒரு துண்டில் எழுதி நீட்டுங்கள். வார்ட்டில் தமிழ் தெரிந்தவர் இல்லாமல் போகலாம் என்பதால், கிளினிக்குக்குப் போகிறவர்கள் தோட்ட வைத்திய உதவியாளரிடம் சிங்களத்தில் எழுதி வாங்கிக் கொண்டு போகலாம். எங்களிடம் வந்தாலும் எழுதித் தருவோம், எந்தப் பதிவுப் புத்தகத்திலும் பேர் போட மாட்டோம். இராத்திரியில் வந்தால் துண்டு எழுதிக் கொண்டிருக்க வேண்டாம். 'வைஃப் கூட இருந்தப்போ வந்திச்சு' என்று சொன்னால் போதும், எந்த டொக்டருக்கும் விளங்கும்.